கசில்தாவின் கீழ்க்கதவு

இது எனக்கே நடந்தது. நான் ஜோடித்த கதையாக இருந்தால் அதில் என்னை இதைவிட நல்லவளாகக் காட்டியிருப்பேன். சந்தேகப்படுகிறவர்கள் காவல்துறை அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் என் சால்வை இருக்கிறது. 'பழுப்பு நிறக் கம்பளிச் சால்வை, ஒன்று. ஓரத்தில் இழை பிரிந்தது.' அந்த வீட்டுக்குள் அது எப்படிப் போனது என்று எழுதவேண்டிய இடத்தில் அதிகாரி ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்.

ஐந்து வருடம் ஆகிறது. நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி. மாலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடிந்துவிட்டது. நடுராத்திரிகூட இல்லை.

எங்கள் தோர்மிலாவில் குளிர்காலத்தில் நான்கே பேர். கீழ்த்தெருவில் ஆடு மேய்க்கும் அண்ணன் தம்பி இருவர். விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருவார்கள். மேலே, கோயில் சுவரை ஒட்டிய வீட்டில் கசில்தா. சதுக்கத்துக்கு இந்தப் பக்கம், அவள் கதவுக்கு நேர் எதிரே நான். நடுவில் நாற்பது அடி.

அந்த நாற்பது அடியைத் தாண்டி ஆறு வருடமாக ஒரு வார்த்தை போனதில்லை.

என் அம்மா ஒரு ஜனவரி மாதம் பனிப்புயலில் இறந்தாள். எங்கள் பக்கத்தில் ஆண் செத்தால் கோயில் மணி மும்மூன்றாக அடிக்கும். பெண் செத்தால் இரண்டிரண்டாக. கோயில் சாவி கசில்தாவிடம். மணிக்கயிறும் அவள் பொறுப்பு. ஆட்டுக்காரர்களில் இளையவன் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மதியம் முழுக்கக் காத்திருந்தேன். அடைத்த ஜன்னல்களில் மோதிய காற்று மட்டும்தான் கேட்டது. அம்மாவுக்கும் கசில்தாவுக்கும் வாய்க்கால் தண்ணீரில் பழைய தகராறு உண்டு. செத்தவளிடம் தீர்த்துக்கொண்டாள் என்று முடிவு செய்தேன்.

ஏன் அடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் மன்னிக்கவேண்டி வரலாம். அந்தக் கோபத்தை யாரிடமும் சொல்லவும் இல்லை. தனியாக இருக்கிறவர்கள் பூனை வளர்ப்பதைப் போல அதை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தேன். அதுவும் என் மடியிலேயே தூங்கியது.

எங்களுக்கு நடுவே போய்வந்தது மாதா பெட்டி ஒன்றுதான். தோர்மிலா, ஓந்தனா, வேகசேகா. மூன்று ஊர், மூன்று கோயில், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாதிரியார், ஒரே மாதா பெட்டி. கண்ணாடிக்குப் பின்னால் சின்ன மாதா நிற்பாள், முன்னால் இரண்டு மரக்கதவு. ஒரு வீட்டில் ஒரு நாள்; மறுநாள் மாலை அடுத்த வீடு. யாருக்குப் பிறகு யார் என்ற பட்டியல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். எனக்குப் பிறகு கசில்தா. நான் பெட்டியை அவள் படியில் வைத்து, இரண்டு தட்டு தட்டிவிட்டு, அவள் வருவதற்குள் திரும்பிவிடுவேன். மறுநாள் ஓந்தனாவிலிருந்து பசீலியோ தன் வண்டியில் வந்து அவளிடமிருந்து வாங்கிப்போவார்.

அந்த நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, மூன்று ஊர்க்காரர்களும் வேகசேகா கோயிலில் கூடினோம். முழங்கால் வலி என்று கசில்தா வரவில்லை. பட்டியல் கிழிந்து தொங்கியது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் புதிதாக எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பழைய தாளில் பதினோரு வீடு இருந்தது.

நான் பத்து எழுதினேன்.

பசீலியோவின் மனைவி பல்பீனா விரலை வைத்துப் படித்தாள்.

"ஏண்டி நியேவெஸ், கசில்தாவ காணோம்?"

"அவளுக்கு வேண்டாமாம்."

"மாதாவையே வேண்டாங்கிறாளா? அவ்ளோ கொழுப்பா அவளுக்கு?"

"என்னைக் கேட்டா? அவளையே போய்க் கேளுக்கா."

"யாரு கேக்கிறது? அவ வாயத் தொறந்தாலே மணிக்கூண்டுல புறா பறக்கும்." பல்பீனா சிரித்தாள். நானும் சிரித்தேன். பசை தடவி ஒட்டினோம்.

பொய் சொல்லும்போது நெஞ்சு படபடக்கும் என்பார்கள். எனக்கு அன்று அப்படி எதுவும் இல்லை. வீட்டைப் பெருக்கி முடித்தது போல இருந்தது.

பன்னிரண்டாம் தேதி பெட்டி என்னிடம் வந்தது. பதிமூன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு, கசில்தாவின் கதவைத் தாண்டி, காரில் வைத்து, நேராக ஓந்தனாவுக்குக் கொண்டுபோனேன். அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க என் கழுத்து பழகியிருந்தது. அன்று நல்ல காற்று. எங்கள் ஊரில் ஆளில்லாத வீடுகள்தான் அதிகம். காற்றடித்தால் எங்கேயாவது ஒரு கதவு அடித்துக்கொண்டே இருக்கும். திரும்பி வந்து வானொலியைச் சற்றுச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் தேதியிலிருந்து, கசில்தா தினமும் அடிக்கும் மதிய மணி அடிக்கவில்லை. பட்டியல் விஷயம் காதுக்குப் போய் முறுக்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். சொல்லவே கூசுகிறது, எனக்குத் திருப்தியாக இருந்தது.

பதினேழாம் தேதி ரொட்டி வண்டிக்காரர் சதுக்கத்தில் நின்று மூன்று முறை ஒலி எழுப்பினார்.

"கசில்தாம்மா எங்க? போன தடவையும் ஆளக் காணோம்."

"பில்பாவோவுக்குப் போயிருப்பா. அங்க அண்ணன் பொண்ணு இருக்காளே."

"சொல்லிட்டா போனாங்க?"

"என்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் ரொட்டியைத் திரும்ப உள்ளே வைத்துக் கதவை இழுத்து மூடினார்.

இருபத்து மூன்றாம் தேதிக்கு வருகிறேன்.

பெட்டி இரண்டாவது சுற்றில் என்னிடம் வந்து ஒரு நாள் முடிந்திருந்தது. மாலை ஐந்தே முக்கால். மூடுபனி, எதிரே கோயில் இருப்பதே தெரியவில்லை. ஈரம் படாமல் பெட்டியை என் பழுப்புச் சால்வையில் சுற்றி முன்சீட்டில் வைத்தேன். ஓந்தனா நான்கு கிலோமீட்டர். பாதி வழியில் சால்வைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பெட்டிக் கதவின் கொக்கி. சால்வையை விலக்கிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. கொக்கியை மாட்டினேன். சிறிது தூரம் போனதும் மறுபடியும்... டக்.

சாலை மோசம், குலுக்குகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

பசீலியோவுக்கு எழுபத்தெட்டு வயது. தச்சர். வாசலிலேயே பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் சால்வையை உருவி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"என்னம்மா, மாதாவுக்குக் குளிருதா?"

"எனக்குத்தான் குளிருது அண்ணே."

"உள்ள வா. ஒரு மடக்கு குடிச்சா சரியாயிடும்."

"பனி இறங்குது. கெளம்பறேன்."

"போற வழியில நரி வந்தா என் பேரச் சொல்லு. எனக்குப் பழக்கம்." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு பெட்டியைக் கூடத்து அலமாரி மேல் வைத்தார். வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஆறு இருபதுக்கு வீடு வந்தேன். அடுப்பில் விறகு வைத்தேன். பூண்டு உரிக்க உட்கார்ந்தேன்.

ஆறு இருபத்தைந்து. கதவில் இரண்டு தட்டு.

டொக்... டொக்.

இடைவெளிகூட எனக்குத் தெரிந்த இடைவெளி. ஆறு வருடம் நான் தட்டியது அப்படித்தான்.

திறந்தேன். யாரும் இல்லை. மூடுபனி மட்டும் வாசல்வரை வந்து நின்றது.

படியில் மாதா பெட்டி.

முதலில் பயம் வரவில்லை. பசீலியோ எதற்கோ பின்னாலேயே வந்துவிட்டார் என்று நினைத்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. வண்டிச் சத்தமும் இல்லை. உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தேன்.

"அண்ணே, இங்க வந்தீங்களா?"

"இந்தப் பனியிலயா? கிறுக்கா எனக்கு?"

"பெட்டி எங்க?"

"அலமாரி மேல. பல்பீனா மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருக்கா. ஏன்?"

"நல்லாப் பாருங்க."

"பாத்துக்கிட்டுதாம்மா பேசறேன்... நியேவெஸ்? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டேன். மூன்று ஊருக்கும் பெட்டி ஒன்றுதான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒன்றுதான்.

அப்போது எனக்கு வந்தது கோபம். கசில்தாவின் வேலை! பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன் என்று தெரிந்து, எங்கிருந்தோ இதே போல ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, நான் தட்டுவது போலவே தட்டி, என்னைக் கேலி செய்கிறாள். ஆறு வருடம் பேசாததை எல்லாம் இன்று பேசிவிடுவது என்று புறப்பட்டேன்.

பெட்டியைத் தூக்கினேன். தூக்க முடியாத குளிர். கையில் ஒட்டிக்கொள்கிற குளிர். தோளிலிருந்த சால்வையை எடுத்து அதைச் சுற்றினேன்.

நாற்பது அடி. நடந்தேன்.

பாதியில் கோபம் நின்றுவிட்டது. காரணம் சொல்லத் தெரியவில்லை. என் காலடி எனக்கே கேட்கவில்லை. அவள் வீட்டுப் பக்கம் புகை வாசனை இல்லை. வெளிச்சம் இல்லை.

அவள் கதவுக்கு முன் நின்றேன். எங்கள் ஊர்க் கதவுகள் குறுக்கே இரண்டு பாதி. மேல்பாதியைத் திறந்துவைத்துப் பேசுவோம். கீழ்ப்பாதியை நாய் நுழையாமல் மூடிவைப்போம்.

தட்டக் கையை ஓங்கினேன்.

தட்டவில்லை. அதற்குள்...

கீழ்க்கதவு திறந்தது.

கீழ்க்கதவு மட்டும். ஒரு சாண் அளவு.

மேல்பாதி மூடியபடியே இருந்தது. யாரும் அப்படித் திறப்பதில்லை.

"நியேவெஸ்."

குரல் கீழே இருந்து வந்தது. என் முழங்காலுக்கும் கீழே இருந்து.

"நேரமாயிடுச்சு."

அவள் குரல்தான். ஆனால் வறண்டிருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்ட குரல்.

நான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் தட்டினது... கேட்டுச்சா?"

என் வீட்டுக் கதவைத் தட்டியதைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"கேட்டுச்சு" என்றேன்.

மூச்சு விடும் சத்தம். நீளமாக...

ஒரு கை வந்தது. தரையை ஒட்டி. நகங்களில் சிராய்ப்பு.

பெட்டியை நீட்டினேன்.

சால்வையோடு உள்ளே போனது.

கதவு மூடியது. உள்ளே தாழ்க்கட்டை இழுபடும் சத்தம்.

பிறகு ஒன்றும் இல்லை.

ஆறு நாற்பத்தேழு. வீட்டுக்கு ஓடி வந்து முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை. ஏதாவது ஒன்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தேனோ என்னவோ.

விடியும்வரை விளக்கை அணைக்கவில்லை. காலை எட்டு மணிக்கு ஓந்தனாவுக்குத் தொலைபேசி செய்தேன். பெட்டி அலமாரி மேலேயே இருப்பதாகப் பல்பீனா சொன்னாள். மெழுகுவர்த்திதான் தீர்ந்துவிட்டதாம். பனி விலகியிருந்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாகக் கழுத்தைத் திருப்பி அவள் வீட்டை நேராகப் பார்த்தேன். புகைபோக்கியின் வாயில் சிலந்தி வலை. அதில் பனித்துளிகள் கோத்திருந்தன. எத்தனையோ நாளாக அந்த வழியில் புகை வரவில்லை.

காவலர்களைக் கூப்பிட்டேன்.

மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டுக்கும் உள்ளே கட்டை போட்டிருந்தது. பின்வாசல் கிடையாது. ஜன்னல்களுக்குக் கம்பி. கீழ்ப்பாதியை உடைத்துத்தான் நுழைந்தார்கள். கசில்தா கதவுக்கு உடனே பின்னால், தரையில் கிடந்தாள். இறந்து ஒன்பது பத்து நாள் இருக்கும் என்றார் மருத்துவர். வீடு குளிர்ந்து கிடந்ததால் உடல் கெடவில்லை. சமையலறையில் விழுந்திருக்கிறாள், இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. அங்கிருந்து வாசல்வரை இழுத்துக்கொண்டே வந்த தடம் தரையில் இருந்தது.

அவள் தோளைச் சுற்றி என் சால்வை. ஓரங்களை உள்ளே செருகி, குழந்தைக்குப் போர்த்துவது போல.

பெட்டி எதுவும் அங்கே இல்லை.

"இது அவங்களோடதா?" என்று இளம் காவலர் கேட்டார்.

"என்னோடது."

"எப்பக் குடுத்தீங்க?"

"நேத்து."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதவுக் கட்டைகளைப் பார்த்தார். "நேத்தா...? அம்மா, நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றார்.

சமையலறைச் சுவரில் நாள்காட்டி. பதிமூன்றாம் தேதியைச் சுற்றி ஒரு வட்டம். உள்ளே சின்ன எழுத்தில் 'மாதா. நியேவெஸ் வருவாள்.' பழைய பட்டியல்படி அவள் முறை அன்றுதான். பட்டியல் மாறியதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. விழுந்தது பன்னிரண்டாம் தேதி காலையாக இருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு நாள், ஒருவேளை மூன்று நாள் உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். நான் திரும்பக் கேட்டேன். அவரும் திரும்பச் சொன்னார். பதிமூன்று மாலை உயிரோடுதான் இருந்திருக்கிறாள்.

அடக்கம் தோர்மிலாவில். மணி அடிக்க ஆளில்லை. அவள் இடுப்பிலிருந்து எடுத்த இரும்புச் சாவியைக் காவலர்கள் என்னிடம் கொடுத்திருந்தார்கள். நானே கோயிலைத் திறந்து கயிற்றைப் பிடித்தேன். இரண்டிரண்டாக அடித்தேன். கை தோல் உரிந்தது.

எல்லாம் முடிந்து பசீலியோ என்னிடம் வந்தார்.

"நல்லா அடிச்ச நியேவெஸ். உங்கம்மாவுக்கு அவ அடிச்ச மாதிரியே இருந்துச்சு."

"என்ன சொன்னீங்க?"

"அன்னிக்குப் புயல்ல அடிச்சாளே. காத்து எங்க பக்கம் வீசுச்சா, ஓந்தனா முழுக்கக் கேட்டுச்சு. தெருவுல நின்னு தொப்பியைக் கழட்டினேன். ஒரு மணி நேரம் விடல அவ. கயிறே அறுந்துடும்னு பல்பீனா சொன்னா."

"எனக்குக் கேக்கலயே."

"காத்து உனக்கு எதிர்ப்பக்கம்ல வீசுச்சு?" என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல.

ஆறு வருடம். நாற்பது அடி. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அவர் உடைந்த கதவைச் சரிசெய்யக் கருவிப்பையோடு அவள் வீட்டுக்குப் போனார். நான் வெளியே நின்றேன். உள்ளே சத்தம் நின்றுபோனது.

"நியேவெஸ். இங்க வந்து பாரு."

கீழ்ப்பாதிக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். அதன் உள்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மரம் முழுக்கக் குழி. இரும்புச் சாவியின் தலையால் குத்திய குழிகள். கீழே கிடந்தபடி கை எட்டிய உயரம் அவ்வளவுதான்.

"சும்மா குத்தல பாரு" என்றார் பசீலியோ மெதுவாக. விரலால் தொட்டுக்கொண்டே போனார். "ரெண்டு. அப்புறம் எடம் விட்டு ரெண்டு. மறுபடி ரெண்டு..."

நான் தட்டுவது போல. அவள் தட்டினால் எனக்குப் புரியும் என்று அவளுக்குத் தெரிந்த ஒரே மொழியில்.

அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். என் கண் எதிரே போனது. கதவில்லாத அந்த வாசல் வழியாக என் வீட்டு வாசல் நேராகத் தெரிந்தது. என் அடுப்பங்கரை ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் விளிம்பில் வானொலி தெரிந்தது.

பதிமூன்றாம் தேதி காற்றில் அடித்துக்கொண்டிருந்த கதவு. டொக்... டொக். நிறுத்தி, மறுபடி டொக்... டொக். பதினான்காம் தேதியும் அடித்தது. அன்று காற்றே இல்லை.

தட்டினது கேட்டுச்சா என்று அவள் கேட்டாள்.

கேட்டுச்சு என்று நான் சொன்னேன். அது பொய் இல்லை.